களஞ்சியங் காக்கும் பூனைக்கும் வளவு காக்கும் நாய்க்கும் ஏற்ற உணவு

அறுவடை முடிந்து நெல்லை மூடைகளில் அடுக்கியதோடு கமக்காரரின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. எலி சாக்கைக் கடித்து நெல்லைத் தின்பதுடன், எச்சத்தாலும் சிறுநீராலும் மிகுதியையும் கெடுத்துவிடுகின்றது. அடுத்த போகத்துக்கென ஒதுக்கிய விதைநெல் இவ்வாறு அழியின், விதைக்குங் காலத்திற் கடன்பட்டு நெல் வாங்க நேரிடும். இதனைத் தடுக்கப் பூனையையும், மரக்கறித் தோட்டத்துட் பன்றியோ கட்டாக்காலி மாடோ புகுந்தால் அறிவிக்க நாயையும் வளர்க்கின்றோம்.

எனினும் இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் மிஞ்சிய சோறுங் குழம்புமே வைக்கப்படுகின்றன. நாய் இவ்வுணவில் ஓரளவு உயிர்தாங்கும். பூனைக்கு இது ஒருபோதும் போதாது. காரணத்தைக் கீழே காண்க.

1. பசித்த பூனைதான் எலி பிடிக்குமா?

உணவு வைத்தாற் பூனை எலி பிடிக்காதென்பது பலரின் எண்ணம். இது தவறு. பூனையின் வேட்டைக் குணம் பசியை மட்டும் பொறுத்ததன்று. வயிறு நிறைந்த பூனையும் ஓடும் எலியைப் பாய்ந்து பிடிக்கும். 1953 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் எல்ற்றன் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர், பண்ணைப் பூனைகளைப் பற்றிய தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். எலிகளை முதலில் வேறு வழிகளால் ஒழித்து, பின்னர் பூனைகளுக்குப் பால் முதலிய மேலுணவு கொடுத்து வந்த கட்டடங்களில், எலிகள் மீண்டும் குடியேறாதவாறு பூனைகள் காத்தன. உணவு கிடைக்கும் பூனை களஞ்சியத்தின் அருகே தங்கும். பசித்த பூனை இரைதேடி அயல்வளவுகளில் அலையும்.

2. நாயும் பூனையும் ஒன்றல்ல

நாய் மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்து, சோறு போன்ற மாப்பொருளை நன்கு செரிக்கப் பழகியது. பூனையோ ஊனுண்ணி. நீர் நீங்கிய உணவு 100 கிராமில் வளர்ந்த நாய்க்கு ஏறத்தாழ 18 கிராம் புரதமும், வளர்ந்த பூனைக்கு ஏறத்தாழ 26 கிராம் புரதமும் இருத்தல் நன்று. தீட்டிய அரிசியிலோ 7 அல்லது 8 கிராம் அளவே உண்டு.

அன்றியும், தோரின் என்னும் சத்தை நாய் பெரும்பாலும் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும்; பூனையாற் போதிய அளவு ஆக்க முடியாது. தோரின் குறைந்தாற் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை மங்குமென்பது 1975 இலும், இதயத்தசை தளர்ந்து விரியுமென்பது 1987 இலும் வெளியான ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று. இச்சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு. சோற்றிலும் மரக்கறியிலும் இல்லை. கரற், பூசணி முதலியவற்றின் மஞ்சட் சத்தை நாய் விற்றமின் 'ஏ' ஆக மாற்றும்; பூனைக்கு அவ்வாற்றல் இல்லை. அதற்கு ஈரல் போன்ற ஊனுணவே வேண்டும்.

எலிகள் மலிந்த காலத்திற் பூனை அவற்றின் உடலிலிருந்தே தோரினைப் பெறும். எலிகள் குறைந்தபின் அதன் நலம் நாம் வைக்கும் உணவையே பொறுத்தது. ஆகவே தன் வேலையைச் செவ்வனே செய்த பூனையே, வெறுஞ் சோற்றினாற் கண்ணொளி இழக்க நேரலாம்.

3. நாளொன்றுக்குரிய உணவு

10 கிலோ நிறையுள்ள நாய்க்கு: சோறு ஏறத்தாழ 350 கிராம், அவித்த மீன் அல்லது இறைச்சி 150 கிராம், சிறிது அவித்த பூசணி அல்லது கீரை. இதனை இரு வேளையாகப் பகிர்ந்து கொடுக்க.

4 கிலோ நிறையுள்ள பூனைக்கு: அவித்த மீன் அல்லது இறைச்சி 150 முதல் 200 கிராம் வரை. சோறு சேர்ப்பதாயின் மொத்த உணவிற் காற்பங்குக்கு மேற்படலாகாது. கிழமைக்கொரு முறை சிறுதுண்டு ஈரல் போதும். நாடோறும் ஈரல் கொடுத்தால் விற்றமின் 'ஏ' மிகுந்து எலும்புகள் கெடும்.

விலையுயர்ந்த மீன் வேண்டியதில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறுமீன்களை முள் மெதுவாகும்வரை அவித்து மசித்தாற் கல்சியமுங் கிடைக்கும். அவித்த நீரிலே தோரின் கரைந்திருக்குமாதலால் அதனை ஊற்றிவிடாது உணவிற் கலக்க. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் தயமின் என்னும் விற்றமின் அழிந்து வலிப்பு உண்டாகும். அவித்தால் இக்கேடு இல்லை. கருவாட்டை நன்கு ஊறவைத்து உப்பை நீக்கிய பின்பே பயன்படுத்துக.

பாலூட்டும் தாய்க்கு வழக்கமான உணவில் இரண்டு முதல் மூன்று மடங்குவரை தேவைப்படும். குட்டிகளுக்கு நான்காங் கிழமை தொடக்கம் மசித்த உணவைப் பழக்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க. தூய நீர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். பால் நீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றோட்டத்தை உண்டாக்கும்.

4. விலக்க வேண்டியவை

(அ) வெங்காயமும் உள்ளியும்: இவை செங்குருதிக் கலங்களை அழிக்கும். சமைத்தாலும் நஞ்சு நீங்காது. 3 கிலோ நிறையுள்ள பூனைக்கு ஏறத்தாழ 15 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். ஆதலின் கறிக்குழம்பு, சம்பல் கலந்த சோற்றை வையாது, தாளிக்குமுன் மீனிற் சிறிது வேறாக எடுத்து அவிக்க.

(ஆ) சமைத்த கோழியெலும்பு: கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையுங் கிழிக்கும்.

(இ) சொக்கலேற், முந்திரிகைப்பழம்: நாய்க்கு நஞ்சாகும்.

(ஈ) நஞ்சுண்டு இறந்த எலி: எலிமருந்து வைத்த நாட்களில் நாயையும் பூனையையும் கட்டியோ அடைத்தோ வைத்து, இறந்த எலிகளைத் தேடியெடுத்து ஆழப் புதைக்க.

இருளிற் பூனை பொருட்களில் முட்டுதல், முரசு வெளிறுதல், சிறுநீர் செந்நிறமாதல், உணவை மறுத்தல் ஆகிய குறிகள் காணின் தாமதியாது மிருக வைத்தியரிடங் கொண்டு செல்க. கெட்ட விழித்திரை மீண்டும் சீர்ப்படாது. ஆதலால் இன்றிருந்தே பூனையின் கலத்தில் மீனைக் கூட்டிச் சோற்றைக் குறைப்பதே ஏற்ற வழியாகும்.