கூடைப்பந்துக் களத்தின் மூச்சுக் கணக்கு

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு முகக்கவசம் 2020இல் வந்த பழக்கமல்ல. சிப்களைக் கையாளும் தூய அறையான கிளீன்ரூமுக்குள் போகுமுன் தலையுறை, கவசம், உடல் முழுக்க மூடும் பன்னி சூட், கையுறை எல்லாம் மாட்டிக்கொள்வது பல பிரிவுகளில் அவர்களுடைய அன்றாடம். இத்தனை ஏற்பாடும் ஊழியரைக் காக்க அல்ல, சிப்பைக் காக்க. அந்த அறையில் மனிதரை விட அழுக்கான பொருள் வேறில்லை என்பது அங்கே பாலபாடம். நாம் விடும் மூச்சு, பேச்சு, இருமல் எல்லாமே துகள்கள்.

இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் இங்கேதான் திறந்தது. அதன் தலைமையகம் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அதே மாவட்டம்தான். பெருந்தொற்றுக் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி பட்ட பாட்டைப் பார்த்தால், பாயான் லெப்பாஸின் பாலபாடம் உலகம் முழுவதற்கும் எப்படிப் பொதுப்பாடம் ஆனது என்பது விளங்கும்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் அந்த ஆண்டு இரண்டு வாரம் தள்ளிப்போய், 2020 நவம்பர் 25 அன்று தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பெண்கள் சொந்த அரங்கில் முதல் ஆட்டத்தை வென்றார்கள். மூன்றே நாளில் மாவட்ட நிர்வாகம் உடல் நெருங்கி ஆடும் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. அணி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. சொந்த அரங்குக்குத் திரும்பியது பிப்ரவரியில்தான். இடையில் டிசம்பர் 15 அன்று, பயிற்றுநர் தாரா வான்டர்வீர் 1,099ஆவது வெற்றியைப் பெற்று, பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் நெடுநாள் சாதனையை முறியடித்தார். அதுவும் வெளியூர் அரங்கில். கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கோ தொடக்க ஆட்டமே வாய்க்கவில்லை. நவம்பர் 23 அன்று அணியைச் சேர்ந்த ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் எல்லாரும் தனிமைக்குப் போனார்கள்.

இவ்வளவு கெடுபிடி தேவைதானா? புளோரிடாவில் 2020 ஜூனில் நடந்த ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பாருங்கள். இரு அணிகளிலும் சேர்த்து 22 பேர். ஐந்து நாளுக்குள் அவர்களில் 14 பேருக்கும் அரங்க ஊழியர் ஒருவருக்கும் நோய் அறிகுறி தெரிந்தது. தென்கொரியாவில் துள்ளல் நடனப் பயிற்சி வகுப்புகளோடு தொடர்புடைய தொற்று 112 பேரைப் பிடித்தது. அங்கே தொற்றியிருந்த பயிற்றுநர் ஒருவர் யோகாவும் பிலாட்டீசும் சொல்லித் தந்தார். அந்த மாணவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்க ஆடுவதும் நிதானமாக ஆடுவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். களத்தில் முழுவீச்சில் ஓடும் வீராங்கனைக்கு எண்பது லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு நிமிடத்துக்கு 800 லிட்டர். ஆட்டம் 40 நிமிடம். மொத்தம் 32,000 லிட்டர், அதாவது 32 கனமீட்டர் காற்று நுரையீரலுக்குள் போய் வந்திருக்கும். பன்னாட்டு விதிப்படி களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்கு மேல் ஏழு மீட்டர் உயரத்தைச் சேர்த்தால் 2,940 கனமீட்டர். சன்னல் அடைத்த அந்தப் பெட்டியில், ஆட்டம் முடியும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பிறர் விட்ட மூச்சு.

நூற்றில் ஒன்றுதானே என்று தோன்றும். அந்தப் பங்கை ஒரு சின்னக் கருவி அளந்தே காட்டிவிடும் என்பதுதான் எனக்கு வியப்பு. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நம் வெளிமூச்சில் சுமார் 40,000. ஆகவே மீட்டர் 820 காட்டினால், அங்கே நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு நூறு மூச்சிலும் ஒரு மூச்சு வேறொருவருடையது. கருவிக்குள் இருப்பது ஓர் அகச்சிவப்பு விளக்கும் ஓர் உணரியும். அந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது ரசிகர்களை உள்ளே விடுங்கள். 5,000 பேர், ஆளுக்கு ஏழு லிட்டர் என்றாலே நிமிடத்துக்கு 35,000 லிட்டர். வீராங்கனைகளின் 800 அதற்கு முன் எம்மாத்திரம்! ஆரவாரம் செய்யும் தொண்டையிலிருந்து துகள்கள் பல மடங்கு கிளம்பும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் இருக்கைகளைக் காலியாக விட்டதால் அரங்கத்தின் மூச்சுச் சுமையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆனால் பந்தை மறிக்கக் கைநீள தூரத்தில் நிற்பவருக்கு இந்தச் சராசரி உதவாது. எதிராளியின் மூச்சு கலைந்து பரவுமுன்பே அவர் முகத்தில் படும். வாரம் மூன்று முறை பரிசோதனை என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அன்றைய பரிந்துரை அதற்காகத்தான்.

இதெல்லாம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய இயற்பியல். ஐந்து மைக்ரான் துகள் ஒன்று, அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க அரை மணி நேரம் ஆகும். ஒரு மைக்ரான் என்றால் அரை நாளுக்குக் குறையாது. ஆனாலும் 2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் காற்றில் பரவாது என்றே அறிவித்தது. அதைத் திருத்திச் சொல்ல ஓராண்டுக்கு மேல் ஆனது. கிளீன்ரூம் ஆப்பரேட்டர் யாரையாவது கேட்டிருக்கலாம்.

கிளீன்ரூமின் மிகச் சுத்தமான பகுதிகளில் காற்று மணிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றப்படுகிறது. கூரையில் உள்ள ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். சாதாரண உள்ளரங்கத்தில் காற்று மணிக்கு ஒரு சில முறை மாறினாலே பெரிது. ஆனால் சுவரே இல்லாத களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் என்று கடல் பக்கமிருந்து மெல்லிய காற்று வந்தால், 28 மீட்டர் களத்தைக் கடக்க 28 நொடி. மணிக்கு 128 முறை காற்று மாறுகிறது! தொழிற்சாலைகள் பெரும் மின்கட்டணம் செலுத்திச் செய்வதை, கூரை மட்டும் போட்ட பள்ளிக் களம் இலவசமாகச் செய்துவிடுகிறது.

பாயான் லெப்பாஸின் பெரிய உள்ளரங்கம், 2000ஆம் ஆண்டு சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. இன்று அது ஸ்பைஸ் அரங்கம். 2021இல் ஸ்பைஸ் வளாகம் தடுப்பூசி மையமானது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் காற்றை மாற்றித்தரும் இயந்திரங்கள் உண்டு. எனக்குக் கவலை சிறிய மண்டபங்களைப் பற்றித்தான். சுவரில் மாட்டும் ஏர்கோன் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி அனுப்பும். வெளிக்காற்று ஒரு லிட்டர்கூட உள்ளே வராது. குளுகுளுவென்று இருப்பதால் காற்று சுத்தம் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

பள்ளி மண்டபத்துக்கு ஏர்கோன் வாங்க நிதி திரட்டும் பெற்றோர் சங்கத்தாரே, முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள். பிள்ளைகள் ஆடி முடிக்கும் நேரத்தில் எண்ணைப் பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் சன்னலைத் திறந்து வையுங்கள். புகைமூட்டக் காலத்தில் மட்டும் இந்த யோசனை செல்லாது. அப்போது சன்னலைச் சாத்திவிட்டு ஹெப்பா வடிகட்டியை ஓடவிடுங்கள், ஆட்டத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.