தப்புச் சத்தமும் கணினிக் கடிகாரமும்

பதுளைப் பக்கத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, தப்படித்த காலத்தில், தொழிலாளர் வசித்த லயத்துக்கு அதுதான் கடிகாரம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 வினாடி ஆகும். எதிர்மலை லயத்தில் விடியல் அவ்வளவு பிந்தியது. நேரத்தைச் சொல்லும் சேதிக்கே வந்துசேர நேரம் பிடிக்கிறது! கணினிக்கும் இதே சங்கடம்தான்.

கணினியில் நேரம் காப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். அது இடைவிடாமல் துடிக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 வினாடி தவறிவிடும். பண்டாரவளைக் குளிரில் ஒரு பிசகு, மொனராகலை வெயிலில் வேறொன்று.

சரியான நேரத்தை வலைப்பின்னலில் உள்ள ஒரு வழங்கியிடம் கேட்கலாம். ஆனால் பதில் வழியில் சுணங்குமே? அமெரிக்கப் பொறியியலாளர் டேவிட் மில்ஸ் 1985ல் வகுத்த என்டிபி, அதாவது கணினிகள் நேரம் விசாரித்துக்கொள்ளும் விதிமுறை, சுணக்கத்தையே அளந்துவிடுகிறது. கேள்வி புறப்பட்டது, வழங்கியை அடைந்தது, பதில் புறப்பட்டது, வந்துசேர்ந்தது: நான்கு நேர முத்திரைகள். போய்வர 60 மில்லிவினாடி, அதில் வழங்கி வைத்துக்கொண்டது 10 என்றால், வழியில் கழிந்தது 50. ஒரு வழிக்கு 25. அதைப் பதிலோடு கூட்டினால் நேரம் கிடைத்துவிடும். போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்பது இதன் நம்பிக்கை. கொழும்பு–பதுளை ரயிலில் போய்வந்தவர்கள் சிரிக்கக்கூடும். நம்பிக்கை பொய்த்தாலும், பிழை அந்த 25ஐத் தாண்டாது.

க்ரோனிசி நிரல் உள்ள லினக்ஸ் கணினியின் கறுப்புத் திரையில் ‘க்ரோனிசி டிராக்கிங்’ (chronyc tracking) என்று தட்டச்சு செய்தால் இந்த விசாரணையின் முடிவு தெரியும். கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு, அந்தப் படிகம் சோம்பலா, அவசரக்காரனா என்பதையும் எண்ணாகக் காட்டும். கணினி தன் படிகத்தின் குணத்தை அறிந்துவைத்திருக்கிறது!

திருத்துவதிலும் நாசூக்கு உண்டு. முள்ளைச் சட்டென்று பின்னே தள்ளினால், நடந்து முடிந்த வேலை இனி நடக்கப்போவதாகப் பதிவாகும். அதனால் சின்னப் பிசகுக்குக் கடிகாரத்தின் நடையைத்தான் மாற்றுவார்கள். மில்ஸின் பழைய நிரல் வினாடிக்கு அரை மில்லிவினாடிதான் சரிசெய்யும். ஒரு முழு வினாடியைக் கரைக்க அரைமணிக்கு மேல்.

சில வேளை ஒரு நாடே தன் நேரத்தை மாற்றிவிடும். மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் இலங்கை முழு ஒரு மணி நேரம் முன்னே போனது. அக்டோபரில் அரைமணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் மீதி அரைமணியும் திரும்பியது. வீட்டுச் சுவர்க் கடிகாரங்களை எல்லாம் கையால் திருப்ப வேண்டியிருந்தது. லினக்ஸ் கணினி உள்ளுக்குள் எண்ணுவது 1970 ஜனவரி 1 தொடங்கிக் கழிந்த வினாடிகளை. அந்த எண்ணிக்கையை யாரும் தொடவில்லை. மாறியது ‘ஆசியா/கொழும்பு’ என்ற நேர வலய அட்டவணை மட்டுமே. 2001ல் சேமித்த கோப்பொன்றின் நேரத்தை இன்று பதுளையில் கேளுங்கள்: உலக நேரத்தோடு ஐந்தரை மணியை அல்ல, ஆறு மணியைக் கூட்டித்தான் சொல்லும்.