மார்பக மீட்டமைப்பு: அறுவைக்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி

பெரியதாழைக் கடற்கரையில் வந்திறங்கும் மீனைக் கூடையில் ஏற்றித் தலையில் சுமந்து விற்கும் பெண்மணி ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் மார்பில் கட்டியொன்று தட்டுப்படுகிறது. வெளியில் சொல்ல நாணம். சொன்னால் மார்பகத்தையே எடுத்துவிடுவார்களோ என்னும் அச்சம். நாணமும் அச்சமும் நாளைக் கடத்த, நோய் வளர்ந்துவிடுகிறது. அவ்வச்சத்தைக் குறைக்கும் செய்திகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அத்துயரின் பயனாக அவர் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அந்நாளில் மார்பகத்தையும் அதன் அடித்தசையையும் சேர்த்து நீக்குவதே பெருவழக்கு. இன்றோ தொடக்கத்திலேயே கண்டறிந்தால், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்துப் பலருடைய மார்பகத்தைக் காக்க முடிகிறது. முழுவதும் நீக்க நேரினும், மீண்டும் வடிவமைக்க வழியுண்டு.

இப்பணியைச் செய்வோர் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர். இங்குப் 'பிளாஸ்டிக்' என்பது நாம் கடையில் காணும் பொருளன்று. 'உருவமைத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

வழிகள் இருவகைப்படும். முதலாவது, 1962இல் அமெரிக்காவில் அறிமுகமான சிலிகான் பையைப் பொருத்துதல். அறுவை நேரம் குறைவு. ஆனால் பை ஆயுள் முழுதும் நிலைப்பதன்று. பின்னாளில் மாற்ற நேரலாம். கதிர்வீச்சு பெற்ற உடலில் பையைச் சுற்றி இறுக்கமும் தொற்றும் மிகக்கூடும்.

இரண்டாவது, தம் உடற்பகுதியையே எடுத்து அமைத்தல். முதுகுத் தசையைப் பயன்படுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் தான்சினி 1906இல் விளக்கினார். வயிற்றுத் தசையோடு தோலையும் கொழுப்பையும் எடுக்கும் முறை 1982இல் வெளிவந்தது. இயற்கையான மென்மை கிட்டும். எனினும் அறுவை நீண்டது, புண்ணும் ஈரிடத்தில். மேலும், முதுகுத் தசை கையை இழுக்கவும் பளுவைத் தூக்கவும் துணைசெய்வது. வயிற்றுத் தசையை எடுத்தால் வயிற்றுச் சுவர் தளரலாம். ஆகவே கூடை சுமக்கும் நம் பெண்மணி தம் தொழிலை மருத்துவரிடம் கூறியே ஆகவேண்டும். தசையை விட்டுவைத்து, தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாய்களுடன் எடுத்துப் பொருத்தும் நுண்ணறுவையும் இன்று உண்டு.

அறுவை வேண்டாதவர் உள்ளாடைக்குள் செயற்கை மார்பகம் அணியலாம். எதுவும் வேண்டா எனவும் இருக்கலாம். அதுவும் மதிக்கத்தக்க முடிவே.

மீட்டமைப்பைப் புற்றை நீக்கும் அன்றே செய்யலாம். சிகிச்சை யாவும் முடிந்தபின், ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். அது நோயைத் திரும்ப அழைப்பதில்லை. ஆயினும் பழைய உணர்ச்சி முழுமையாக மீள்வதில்லை என்பதையும் மறைக்கலாகாது. சருக்கரை நோயும் புகைப்பழக்கமும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

எனவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னரே, 'எனக்கு ஏற்ற வழி எது? கதிர்வீச்சு தேவைப்படுமா? எத்தனை அறுவை? செலவு எவ்வளவு? காப்பீட்டில் அடங்குமா? என்று வேலைக்குத் திரும்பலாம்?' எனக் கேட்டறிய வேண்டும். விடையளிப்பவர் மருத்துவர், தேர்ந்தெடுப்பவர் அப்பெண்ணே. கணவரும் மக்களும் உடனிருந்து துணைநிற்கலாம். அவருக்காகத் தாமே முடிவெடுத்தல் தகாது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து அன்னையரிடமும் அக்காமாரிடமும் இதனைப் பேசுங்கள். வாய்திறந்து பேசும் வீட்டில் கட்டி நெடுநாள் மறைந்திராது.