பாணரும் புரவலரும்: அறநிதிக் கச்சேரியில் கேட்போர் கடமை

பொருநராற்றுப்படையில் ஓர் இடம் வருகிறது. கரிகாற் பெருவளத்தானிடம் பரிசில் பெற்று மீளும் பொருநன் ஒருவன், வழியில் கண்ட மற்றொரு பொருநனுக்கு அம்மன்னனுடைய குணங்களை எடுத்துரைக்கிறான். உணவும் உடையும் பொன்னும் கொடுப்பதோடு அவன் நிற்கமாட்டான். வெண்குதிரைகள் நான்கு பூட்டிய தேரில் உன்னை ஏற்றி, ஏழடி தூரம் பின்னே நடந்து வந்து வழியனுப்புவான் என்கிறான். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இதைப் படித்தபோது பொற்றாமரையும் தேருந்தான் என் கண்ணில் பட்டன. தலைமையாசிரியனாகி, பள்ளிக்கு நிதி திரட்டவென்று சில கலை இரவுகள் நடத்திப் பார்த்த பிறகோ, அந்த ஏழடிதான் பெரிதாகத் தெரிகிறது. பாடியவன் பின்னே மன்னன் நடந்தான். நாம் பாடிக்கொண்டிருப்பவரை மேடையிலேயே விட்டுவிட்டு எழுந்து நடக்கிறோம்.

பழந்தமிழ் நாட்டில் பாணனும் பொருநனும் விறலியும் பெறுவோர். மன்னனும் வள்ளலும் கொடுப்போர். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே, பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஏற்பாடு. அறநிதிக் கச்சேரியில் இம்முறை தலைகீழாகிறது. நாம் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கிறோம், உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக மூன்று மணி நேர இசையைப் பெற்றுக்கொள்கிறோம். ஈடு ஒன்றும் பெறாமல் கொடுப்பவர் மேடையில் இருப்பவர். அப்படியிருந்தும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவுடனே நமக்குப் புரவலர் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கரிகாலனுடைய இருக்கை நமக்கு வேண்டும். அவனுடைய ஏழடி வேண்டாம்.

இசைவாணர் கொடையாளராகும் இந்த மரபுக்கு நம் காலத்துப் பெருஞ்சான்று மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி. கஸ்தூரிபா காந்தி நினைவு நிதிக்காக 1944ஆம் ஆண்டில் அவர் ஐந்து கச்சேரிகள் பாடினார். 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு இன்றும் நம் வீடுகளில் விடியற்காலையில் ஒலிக்கிறது. அதன் உரிமைத் தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குச் சேரும்படி செய்தார். மருத்துவமனைக்கும் கல்வி நிலையத்துக்கும் கோயிலுக்கும் பாடிய கச்சேரிகள் பல. 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அது பொதுத்தொண்டுக்கென்று அளிக்கப்பட்ட விருது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். ஒரு பாடகியின் பாட்டையே தொண்டு என்று உலகம் எடுத்துக்கொண்டது.

பாடுகிறவர் கொடுப்பது இவ்வளவு என்றால், கேட்கிறவர் கொடுக்கக்கூடியது டிக்கெட்டுப் பணம் மட்டுந்தானா? இதற்கு விடை சொல்லும் நிகழ்ச்சி ஒன்று அயர்லாந்து நாட்டில் நடந்தது. ஹண்டேல் என்னும் இசைமேதை தம்முடைய ‘மெசாயா’ என்ற பெரும் இசைப்படைப்பை 1742ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேற்றினார். கடனுக்காகச் சிறைப்பட்டவர்களை மீட்பதற்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டுவது நோக்கம். மண்டபமோ சிறியது. அக்காலத்துச் சீமாட்டிகள் பாவாடைக்குள் அகன்ற வளையம் வைத்து உடுத்துவார்கள். கனவான்கள் இடையில் வாள் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வளையம் இல்லாமலும் வாள் இல்லாமலும் வரும்படி பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொண்டார்கள். மக்களும் இணங்கினார்கள். 600 பேர் அமரக்கூடிய இடத்தில் 700 பேர் அமர்ந்தார்கள். 142 கடனாளிகள் சிறையிலிருந்து விடுதலையானார்கள். ஓர் அம்மையார் தம் பாவாடை வளையத்தை வீட்டில் விட்டுவந்ததும் அந்த விடுதலையில் ஒரு பங்கு அல்லவா! அவை நாகரிகம் என்பது வெறும் ஒழுங்கு அன்று, அதுவும் ஒரு கொடை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது.

நம்முடைய வாளும் வளையமும் எவை? சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் கட்டட நிதிக்கு ஓர் இசை இரவு வைத்தோம். பாட வந்தவர் ஒரு காசும் கேட்கவில்லை. ஏழரை மணிக்குத் தொடங்குவதாக அழைப்பிதழில் போட்டிருந்தது. பிரமுகர் வரவுக்காகக் காத்திருந்தோம். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடைகள், நினைவுச் சின்னங்கள், நன்கொடைக் காசோலையைப் பெரிதாக அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு புகைப்படம். பாடகர் சுருதி சேர்த்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. விரிவாகப் பாட நினைத்த இராகத்தை அவர் பாதியில் சுருக்கினார். தனியாவர்த்தனம் தொடங்கியதும், அதுதான் இடைவேளை என்று முன்வரிசை முழுவதும் எழுந்து, பின்கட்டில் திறந்து வைத்திருந்த மீகூன் தட்டுகளை நோக்கிப் போய்விட்டது. மிருதங்கக்காரர் வயதானவர், காலியான நாற்காலிகளைப் பார்த்தபடியே கோர்வையை வாசித்து முடித்தார். கடைசியில் பாய்மேல் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நிகழ்ச்சி நிரலை எழுதியவனும் நான். உணவைப் பத்து மணிக்குத் திறக்கச் சொன்னவனும் நான்.

தனியாவர்த்தனத்தில் எழுந்து போவது பினாங்கில் மட்டும் உள்ள வழக்கம் என்று எண்ண வேண்டாம். சென்னைச் சபாக்களிலும் இது பழைய வியாதிதான். தாளவாத்தியக்காரர் அதுவரை பாட்டுக்கு உடன் நின்றவர். தம்முடைய வித்தையைத் தனியே காட்ட அவருக்குக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்களே. பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். அவ்வாறு சொல்லும் துணிவு, கேட்போர் மூச்சடக்கி இருப்பார்கள் என்ற நம்பிக்கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இன்று கைத்தொலைபேசி கூவுகிறது. கூவாவிட்டாலும் அதன் வெளிச்சம் இருட்டு மண்டபத்தில் பின்னால் இருப்பவர் கண்ணைக் குத்துகிறது. கச்சேரி முழுவதையும் கையை உயர்த்திப் படம்பிடிக்கும் அன்பர்கள் வீட்டிற்குப் போய் அதைப் பார்க்கிறார்களா என்பதை அவர்கள் வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

ஆர்வத்தால் வரும் பிழைகளும் உண்டு. தாளம் போடுவது நம் இசையரங்கின் அழகுகளில் ஒன்று. மேலை நாட்டுச் சங்கீத சபையில் அதற்கு இடமில்லை. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து தொடை அதிரத் தப்புத்தாளம் போடுகிறவர், மேடையில் இருப்பவருக்குச் செய்யும் துன்பம் கொஞ்சமன்று. தாளம் தெரியாதவர் விரலை மடிக்குள் வைத்துக்கொள்ளலாம். பாட்டு நடுவே சிறு கிளர்ச்சியில் ‘ஆகா’ என்பது வேறு. அடுத்தவருக்கு இராகத்தின் பெயரை விளக்குவது வேறு. துண்டுச்சீட்டில் விருப்பப் பாட்டு எழுதி அனுப்புவதும் பழைய பழக்கமே. அதில் தவறில்லை. அனுப்பிய சீட்டுக்குரிய பாட்டு வரவில்லையென்று கோபித்துக்கொண்டு போவதுதான் தவறு.

சுருதி சேர்க்கும் நேரத்தைப் பேச்சு நேரமாக்குவது இன்னொன்று. இதைப்பற்றி உலகறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1970ஆம் ஆண்டுப் பெரும்புயலாலும் 1971ஆம் ஆண்டுப் போராலும் கிழக்கு வங்காள மக்கள் பல இலட்சக் கணக்கில் அகதிகளானார்கள். வங்காளக் குடும்பத்தவரான சித்தார் மேதை ரவிசங்கர், தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனை அணுகினார். 1971 ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள். ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள். ரவிசங்கரும் சரோடு மேதை அலி அக்பர் கானும் தபேலா மேதை அல்லா ரக்காவும் மேடையேறி, தந்திகளைச் சரிபார்த்துச் சுருதி சேர்த்தார்கள். முடித்ததும் அரங்கம் பலத்த கரவொலி செய்தது! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் இனி வாசிக்கப்போவது இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நன்றி கூறினார் ரவிசங்கர். அந்த இளைஞர்களை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர்களுக்கு இசை தெரியவில்லை. ஆனால் சுருதி சேர்க்கும்போது வாய்மூடிக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்த நாம் அந்நேரத்தில் காப்பி விலை பேசுகிறோம்.

அதே நியூயார்க் கச்சேரி இன்னொரு பாடமும் தருகிறது. டிக்கெட்டில் வந்த ஏறத்தாழ 243,000 டாலர் ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதிக்குச் சேர்ந்துவிட்டது. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெருந்தொகையோ வரி வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் முடங்கியது. பாடுகிறவருடைய நல்லெண்ணம் மட்டும் பசித்தவன் வயிற்றை நிரப்பாது. கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். நம் ஊரில் கலை இரவு முடிந்தபின், மண்டப வாடகை, விளக்கு, ஒலிபெருக்கி, சாப்பாடு, பொன்னாடை ஆகியவை போக எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்குக் கேட்பது கேட்போர் கடமைகளில் சேர வேண்டியதே. எங்கள் இசை இரவில் மிஞ்சியது எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. பொன்னாடைச் செலவை மட்டும் குறைத்திருந்தால் ஒரு வகுப்பறைக்கு மேசை நாற்காலி வாங்கியிருக்கலாம்.

பக்கவாத்தியக்காரரைப்பற்றியும் ஒரு சொல். புகழ்பெற்ற பாடகர் தம் சன்மானத்தை விட்டுக்கொடுக்கலாம். அவருக்கு நாளைக்கு வேறு கச்சேரி உண்டு. வயலினும் மிருதங்கமும் வாசிப்பவர் இங்கே பெரும்பாலும் பகலில் ஒரு வேலை பார்த்து, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவர். ‘தருமக் கச்சேரிதானே’ என்று அவரையும் வெறுங்கையோடு அனுப்புவது, ஒருவர் செய்யும் தருமத்தை மற்றொருவர் தலையில் கட்டுவதாகும். அவர் தாமாக வேண்டாம் என்று சொன்னாலன்றி, அவருக்குரியதைக் கவரில் வைத்துக் கொடுத்த பிறகே நிதிக் கணக்கை எழுத வேண்டும்.

இவ்வளவு விதி சொல்லும்போது ஒரு கேள்வி எழும். இந்த விதிகள் யாருக்காக? பாடகர் டி. எம். கிருஷ்ணா இக்கேள்வியை உரக்கக் கேட்டவர். சென்னைப் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊரில், அவ்வூராரும் கலைஞர்களும் சேர்ந்து 2015 முதல் விழா நடத்தினார்கள். கட்டணம் கிடையாது, முன்வரிசை யாருக்கும் சொந்தமில்லை. இசையைச் சாதி வேலிக்கு வெளியே கொண்டுவந்ததற்காக 2016இல் கிருஷ்ணாவுக்கும் மகசேசே விருது கிடைத்தது. அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நான் உடன்படுகிறவன் அல்லேன். ஆனால் அவை நாகரிகம் என்ற பெயரில் சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது உண்டு என்று அவர் சொன்னது உண்மை. தோட்டத்துப் பிள்ளை தவறான இடத்தில் கைதட்டினால் திரும்பி முறைக்கிற கனவானை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய முறைப்பு அந்தக் கைதட்டலைவிட அநாகரிகம்.

இடத்துக்கு இடம் முறை மாறும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைச் சாலையில் நாதசுவரத்தை நடந்துகொண்டே கேட்கிறோம். குழந்தை அழும், தேங்காய் உடையும், அதனால் இசைக்குக் குறைவில்லை. கோலாலம்பூர் பில்ஹார்மோனிக் மண்டபத்தில் தாமதமாக வந்தவர் ஓர் உருப்படி முடியும்வரை கதவருகே நிற்க வேண்டும். எங்கும் மாறாதது ஒன்றே என்பது என் எண்ணம்: அடுத்தவர் கேட்பதை நாம் திருடக் கூடாது. கட்டணத்திலும் இப்படி ஒரு முறை உண்டு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் கோலாலம்பூரில் தொடங்கிய நுண்கலைக் கோயிலுக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. அதைச் சார்ந்த அன்னலட்சுமி உணவகத்தில் விரும்பியதை உண்டு, மனம் சொன்னதைக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. விலைச்சீட்டு இல்லாத இடத்தில்தான் தன்னைத் தானே அளந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டும் பள்ளி நிதிக்கு இசை இரவு ஒன்று வருகிறது. நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கடைசி அரைமணி நேரம் ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்து வருகிறோம். முன்வரிசையில் பாதி அவர்களுக்கு. பொன்னாடைகள் இல்லை, உரைகள் இரண்டு, இரண்டும் பாட்டுக்குப் பிறகு. நன்கொடையாளர்கள் மனம் வருந்துவார்களே என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். இதுவரை நால்வரைப் பார்த்தாயிற்று, ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். சமையற்கட்டுப் பெண்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: மிருதங்கக்காரர் கடைசித் தீர்மானம் வைக்கும்வரை மீகூன் தட்டின் மூடியைத் திறக்கக் கூடாது.