உங்களுக்குத் தெரியுமா? பந்தை நடத்திச் செல்பவர்

கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த அணி 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அதற்குள் பந்தை யாருக்கு, எந்தப் பக்கம் தருவது என்று முடிவு செய்பவர்தான் பாயிண்ட் கார்டு. உயரத்தைவிட இங்கே கண்ணும் கையும் முக்கியம். 6 அடி 1 அங்குல உயரமுள்ள அமெரிக்கர் ஜான் ஸ்டாக்டன், யூட்டா ஜாஸ் என்ற ஒரே அணிக்காக 1984 முதல் 2003 வரை 19 பருவங்கள் ஆடினார். அவர் தந்த பந்தால் சக வீரர்கள் கூடையில் போட்டவை 15,806! அந்த 19 பருவங்களில் 17-இல் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை.

நம் பெருமை, சென்னையில் பிறந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை. 19 வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானவர். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடிய முதல் இந்திய வீராங்கனை. 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

கூடைப்பந்து ஆட்டத்தை நேரில் பார்க்க உடுமலைக்காரர்கள் நெடுந்தூரம் போக வேண்டாம். நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடப்பது கோவையில்தான்.