'வளர்ற புள்ளைதானே'ன்னு ஒரு சைஸ் பெருசா வாங்காதீங்க... ஸ்கூபா கற்கும் சுட்டிகளுக்கு ஃபின்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

"வளர்ற புள்ளை... ஒரு சைஸ் பெருசாவே எடுங்க!"

ஸ்கூல் ஷூ வாங்கப் போனால் நம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை இது. முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்து, லேஸை இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு வருடம் ஓடிவிடும். ஆனால், ஸ்கூபா டைவிங் கற்கும் பிள்ளைக்கு ஃபின்ஸ் வாங்கும்போது இந்தக் கணக்கு உதவாது. தரையில் லூஸான ஷூ காலைத் தடுக்கும், அவ்வளவுதான். 10 மீட்டர் ஆழத்தில் லூஸான ஃபின், பிள்ளையைக் களைப்பாக்கி, பயமுறுத்திவிடும்.

அந்தமான் டூர், புதுச்சேரி வீக் எண்ட் என்று போகும் குடும்பங்களின் லிஸ்ட்டில் இப்போது ஸ்கூபாவும் இடம்பிடித்துவிட்டது. ஒருமுறை கடலுக்குள் மீன்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், 'நானும் முறையா கத்துக்கணும்' என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். அப்போது பெற்றோருக்கு வரும் முதல் ஷாப்பிங் குழப்பம், இந்த ஃபின்ஸ்தான்.

முதல் டைவுக்கே வாங்கணுமா?

வேண்டாம். சுற்றுலாவில் ஒரே ஒருமுறை டைவ் செய்ய, டைவிங் சென்டரில் தரும் ஃபின்ஸே போதும். பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்து வழிநடத்துவார்.

பிள்ளை முறையாகப் பயிற்சியில் சேரும்போதுதான் சொந்த ஃபின்ஸ் பற்றி யோசிக்க வேண்டும். சர்வதேசப் பயிற்சி அமைப்பான 'பாடி'யின் விதிப்படி, ஜூனியர் ஓப்பன் வாட்டர் பயிற்சியில் சேரக் குறைந்தபட்ச வயது 10. சான்றிதழ் பெற்ற பிறகும் 10, 11 வயதுப் பிள்ளைகள் 12 மீட்டர் ஆழம் வரைதான் போகலாம். அதுவும் டைவிங் சான்றிதழ் உள்ள பெற்றோர், பாதுகாவலர் அல்லது பயிற்சியாளருடன்தான். 12 முதல் 14 வயது வரை, சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவருடன் 18 மீட்டர் வரை போகலாம்.

பயிற்சியின் ஆரம்ப வகுப்புகளில் சென்டரின் ஃபின்ஸையே பயன்படுத்தட்டும். எந்த சைஸ், எந்த மாடல் காலுக்குச் சுகமாக இருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டால், கடைக்குப் போகும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

ஃபின்ஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

தண்ணீர், காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. முதுகில் சிலிண்டர், உடம்பில் ஜாக்கெட், இடுப்பில் எடை என்று இத்தனையையும் சுமந்துகொண்டு அதில் நகர வேண்டும். நீச்சல்குளத்தில் அடிப்பதுபோலக் கைகளை வீசி நீந்துவது ஸ்கூபாவில் கிடையாது. கைகள் சும்மா இருக்கும், கால்கள்தான் இன்ஜின். அந்த இன்ஜினின் விசையைத் தண்ணீருக்குக் கடத்துவது ஃபின்.

லூஸாக இருந்தால் என்ன ஆகும்?

பாதம் உள்ளே ஆடினால், உதைக்கும் விசையில் ஒரு பகுதி வீணாகும். ஃபின் கழன்றுவிடாமல் இருக்க, பிள்ளை தன்னை அறியாமல் விரல்களை மடக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலில் சுளுக்குப் பிடிக்கும். தோல் உரசிக் கொப்புளமும் வரலாம்.

அதோடு முடியாது. களைத்துப்போனால் மூச்சு வேகமாகும். சிலிண்டரில் உள்ள காற்று சீக்கிரம் தீரும். மூச்சு வாங்க வாங்கப் பதற்றமும் கூடும். பதறிய பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென மேலே போக முயன்றால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து காயம் ஏற்படலாம். ஸ்கூபாவில் 'மூச்சை எப்போதும் அடக்காதே' என்று முதல் பாடமாகச் சொல்லித்தருவது இதனால்தான்.

அதற்காக இறுக்கமாகவும் வாங்கக் கூடாது. ரத்த ஓட்டம் தடைப்பட்டு கால் மரத்துப்போகும்; சுளுக்கும் வரும்.

இரண்டு வகை... எது பெஸ்ட்?

ஃபுல் ஃபூட்: கட் ஷூ மாதிரி பாதம் முழுவதையும் மூடும். வெறுங்காலில் போடலாம். எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. நீச்சல்குளத்துக்கும், வெதுவெதுப்பான கடலில் படகிலிருந்து இறங்குவதற்கும் ஓகே. ஆனால், சரியான சைஸில்தான் வாங்க முடியும். கால் வளர்ந்துவிட்டால் வேறு ஜோடிதான்.

ஓப்பன் ஹீல்: குதிகால் பக்கம் திறந்திருக்கும். உள்ளே நியோபிரீன் டைவிங் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பின்னால் உள்ள ஸ்ட்ராப்பால் இறுக்கிக்கொள்ளலாம். வளரும் பிள்ளைகளுக்கு இதுவே ஏற்றது. கால் கொஞ்சம் வளர்ந்தால் பூட்ஸை மட்டும் மாற்றி, ஸ்ட்ராப்பைத் தளர்த்தினால் போதும். பாதம் நுழையும்வரை அதே ஃபின்ஸ் உழைக்கும். 'வளர்ற புள்ளை' கவலைக்கு இதுதான் பாதுகாப்பான தீர்வு.

அந்தமானின் ஸ்வராஜ் த்வீப் (ஹேவ்லாக்) போன்ற இடங்களில் கரையிலிருந்தே நடந்து கடலில் இறங்கும் டைவ்களும் உண்டு. அங்கே கல்லும் சிப்பியும் காலைக் கிழிக்காமல் பூட்ஸ் காப்பாற்றும்.

ஒரு விஷயம்... ஃபின்ஸில் வளர இடம் இருக்கலாம், பூட்ஸில் கூடாது. பூட்ஸ் காலோடு ஒட்டி நிற்க வேண்டும்.

நீளமா, குட்டையா?

'பெரிய பிளேடு என்றால் வேகமாகப் போகலாமே' என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். நீளமான, விறைப்பான பிளேடை உதைக்கப் பெரியவர்களின் தொடை வலு வேண்டும். 10 வயதுக் காலுக்கு அது பாரம்தான். ஸ்போர்ட்ஸ் கடையில் மாஸ்க், ஸ்நார்க்கெலோடு செட்டாகக் கிடைக்கும் குட்டி ஃபின்ஸும் சரிவராது. அவை மேற்பரப்பில் மிதந்தபடி வேடிக்கை பார்க்கத்தான். சிலிண்டரோடு போகும் பிள்ளையைத் தள்ளும் வலு அவற்றுக்குக் கிடையாது.

ஆரம்பநிலைக்கு, நடுத்தர நீளத்தில் வளைந்துகொடுக்கும் பிளேடுதான் நல்லது. பெரியவர்களுக்கான எக்ஸ்ட்ரா ஸ்மால் பாதத்துக்குப் பொருந்தினாலும், பிளேடு விறைப்பாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

நிறத்தில் மஞ்சள் நல்ல சாய்ஸ். தண்ணீருக்குள் ஆழம் போகப்போக முதலில் மங்குவது சிவப்பு. மஞ்சள் அதைவிட ஆழத்திலும் தெரியும். கூட வருபவர் பிள்ளையைச் சட்டெனக் கண்டுபிடிக்கலாம்.

கடையில் செய்ய வேண்டிய 5 செக்

1. பிள்ளையை நேரில் அழைத்துப் போங்கள். ஓப்பன் ஹீல் என்றால், பூட்ஸ் போட்டுத்தான் ஃபின்ஸைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2. உட்காரவைத்துக் காலைத் தூக்கி நன்றாக உதறச் சொல்லுங்கள். ஃபின் ஆடவோ, நழுவவோ கூடாது.

3. விரல்களை அசைக்க முடிகிறதா, முனையில் இடிக்கிறதா என்று கேளுங்கள். 'பரவாயில்லை' என்று சொன்னால், 10 நிமிடம் போட்டிருக்கவிட்டு மறுபடி கேளுங்கள்.

4. ஸ்ட்ராப்பைப் பிள்ளையே மாட்டிக் கழற்ற வேண்டும். ஈரக் கையோடு, ஆடும் படகில் இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஸ்பிரிங் ஸ்ட்ராப் சுலபம். ஆனால் அளவை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

5. பிளேடின் நுனியைப் பிள்ளையே கையால் வளைத்துப் பார்க்கட்டும். வளைக்கத் திணறினால், அது அந்தக் காலுக்கானது அல்ல.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதிலும் தவறில்லை. பிளேடில் விரிசல், பக்கிளில் உடைசல், ஸ்ட்ராப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகு...

கடலுக்குப் போகும்முன் நீச்சல்குளத்தில் பழக்கிவிடுங்கள். ஃபின்ஸ் போட்டுக்கொண்டு முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். தண்ணீருக்குப் பக்கத்தில் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். நடந்தே ஆக வேண்டும் என்றால் பின்னோக்கி நடக்க வேண்டும். படகில் ஏறும்போது, ஏணியையோ கயிற்றையோ பிடித்த பிறகே கழற்ற வேண்டும்.

தண்ணீருக்குள் சுளுக்குப் பிடித்தால் என்ன செய்வது என்பதையும் பயிற்சியாளரிடம் செய்து பழகட்டும். உதைப்பதை நிறுத்தி, ஃபின்னின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தபடி காலை நீட்டினால் தசை தளரும். கூட வருபவருக்கு உடனே சைகை காட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நுனியில் நிற்கவைத்தால் பிளேடு வளைந்துவிடும், படுக்கவைத்தே வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலும் வைக்க வேண்டாம்.

அடுத்த சீசன் டைவுக்கு முன்னால், பூட்ஸையும் ஃபின்ஸையும் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். விரல் இடிக்கிறது என்று பிள்ளை சொன்னால், மாற்றும் நேரம் வந்துவிட்டது!