மொய் கணக்கில் பிசகாத பேராவூரணி: நகர் நலச்சங்க கணக்கையும் அப்படி நடத்துவது எப்படி?

பேராவூரணி:

ஆடி மாதம் பிறந்து விட்டால் பேராவூரணி பக்கம் மொய் விருந்து களைகட்டும். பந்தலில் ஒரு பக்கம் கறி விருந்து, இன்னொரு பக்கம் மொய் எழுதும் மேஜை. லட்சக்கணக்கில் பணம் புரண்டாலும், யார் எவ்வளவு செய்தார் என்ற கணக்கு பல வருடம் கழித்தும் பிசகுவதில்லை. ஆனால் அதே ஆட்கள் வீடு கட்டி குடியேறும் புது நகர்களில் நலச்சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால், மாத சந்தா 100 ரூபாய்க்கே வாய்த்தகராறு வந்து விடுகிறது. ‘‘காசு எங்கய்யா போச்சு?’’ என்ற ஒரு கேள்வியில் பல சங்கங்கள் படுத்து விடுகின்றன.

பொதுப் பணத்தை சண்டை இல்லாமல் நடத்த என்ன வழி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பந்தலிலேயே பாடம்

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் மொய் விருந்தை தனி ஆள் மட்டும் நடத்துவது இல்லை. பல பேர் ஒன்று சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். பந்தல், சமையல், பத்திரிகை, ஒலிபெருக்கி என எல்லாச் செலவையும் பங்கு போட்டுக் கொள்வார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் மொய் நோட்டு தனி, எழுதுகிறவர் தனி, பணம் வாங்குகிறவர் தனி. எழுதுகிற கையும் எண்ணுகிற கையும் வேறு வேறு. இப்போது பணம் எண்ணும் எந்திரமும் கம்ப்யூட்டர் ரசீதும் வந்து விட்டன.

5 வருடத்துக்கு ஒரு முறை முறை வரும். வாங்கிய மொய்யை மட்டும் திருப்பிச் செய்தால் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் போட்டால் கூடுதல் தொகை புது மொய். வாய்க்கணக்கு கிடையாது, எல்லாம் எழுத்தில்தான். இந்த முறையை நகர் சங்கத்துக்கு கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும்.

பெரியகுளம் சொன்ன சேதி

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை வீசிய கஜா புயலில் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் வர பல நாட்கள் ஆனது. மேல்நிலைத் தொட்டிக்கு தண்ணீர் ஏற்ற பல ஊர்களில் ஜனங்களே காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள்.

அந்த அடிக்குப் பிறகுதான் உள்ளூர் இளைஞர்கள் சேர்ந்து கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தை தொடங்கினார்கள். ‘கைஃபா’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நிமல் ராகவன் இதில் முன்னின்றவர்களில் ஒருவர். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் கிடக்கும் 564 ஏக்கர் பேராவூரணி பெரியகுளத்தை 2019-ல் ஊர் மக்களின் நன்கொடையோடு தூர்வாரினார்கள். ஊருக்குப் பொதுவான காரியத்துக்கு ஜனங்கள் காசு தர மாட்டார்கள் என்பது பொய் என்று அன்றைக்கே தெரிந்து விட்டது. காசு போகும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், கை தானாக நீளும்.

எது சங்கத்தின் செலவு?

நகர் சங்கங்கள் செய்யும் முதல் கோளாறு, செய்ய வேண்டியவர் யார் என்று பார்க்காமல் செலவு செய்வது. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர், ரோடு எல்லாம் பேரூராட்சியோ ஊராட்சியோ செய்ய வேண்டிய வேலை. அதற்குத்தான் வீட்டு வரி கட்டுகிறோம். அதற்கு சங்கம் மனு கொடுக்க வேண்டுமே தவிர பணம் கொடுக்கக் கூடாது. உள்ளூரில் நடக்காவிட்டால் திங்கட்கிழமை தோறும் தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஒரு ஆள் கொடுக்கும் மனுவை விட 60 வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு கனம் அதிகம்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. மனை போட்டவர் தெரு நிலத்தையும் பூங்கா நிலத்தையும் உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது நடக்காவிட்டால், ‘‘அது எங்க ரோடு இல்லை’’ என்று கை விரித்து விடுவார்கள். 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை போட்டால் 10 சதவீத இடத்தை பொது ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது விதி. உங்கள் நகரின் வரைபட நகலை வாங்கிப் பார்த்து, பூங்கா இடம் எங்கே என்று முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். சில வருடம் கழித்துப் பார்த்தால் அங்கே வேலி நிற்கும்.

சமுதாயக்கூடம், பூங்கா, பள்ளிக் கட்டிடம் போன்ற காரியத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். இதற்கு சந்தாவில் கை வைக்காமல் தனியாக வசூல் செய்வதே நல்லது.

60 வீடு... ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு நகரில் 60 வீடு, மாத சந்தா 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 72 ஆயிரம் வரவு.

செலவு இப்படி இருக்கலாம். கேமரா பராமரிப்பு 12 ஆயிரம். கருவையும் புதரும் வெட்ட மாதம் 2 ஆள், கூலி 600 வீதம் 14 ஆயிரத்து 400. பூங்கா பராமரிப்பு 9 ஆயிரத்து 600. மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர், கொசு மருந்து 6 ஆயிரம். ரசீது புத்தகம், நோட்டீஸ், தணிக்கை 6 ஆயிரம். மொத்தம் 48 ஆயிரம். மீதி 24 ஆயிரம் பேங்கில் இருக்கும்.

இப்போது 15 வீடு சந்தா கட்டவில்லை என்றால்? வரவு 54 ஆயிரமாக இறங்கி விடும். செலவு மட்டும் அதே 48 ஆயிரம்தான். மிச்சம் வெறும் 6 ஆயிரம். அதாவது கட்டாத வீட்டுக்காரர் சாப்பிடுவது கேமரா காசை அல்ல, புயல் காசை. அடுத்த கஜா வரும்போது ஜெனரேட்டர் வாடகைக்கு வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதுதான். அதனால் வருடம் பிறந்ததும் புயல் நிதி என்று ஒரு தொகையை முதலில் ஒதுக்கி விட்டு, மிச்சத்தில் செலவு போடுவதே புத்திசாலித்தனம்.

கட்டாதவரின் வீட்டு தண்ணீரை நிறுத்துகிறேன், பாதையை அடைக்கிறேன் என்று கிளம்பக் கூடாது. அது வழக்கில் கொண்டு போய் விடும். கட்டியவர், கட்டாதவர் பட்டியலை பொதுக்குழுவில் வாசித்தால் போதும். மொய் விருந்தில் பெயரை மைக்கில் வாசிப்பதை விட பெரிய நோட்டீஸ் உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். 20 உறுப்பினர் சேர்ந்து விட்டாலோ, வருட வரவோ செலவோ 10 ஆயிரம் ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். மேலே சொன்ன 60 வீட்டு சங்கம் பதிவு இல்லாமல் நடக்கவே முடியாது. பேராவூரணிக்காரர்கள் இதற்கு பட்டுக்கோட்டை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டும்.

பைலாவில் சந்தா எவ்வளவு, யார் கையெழுத்துப் போடுவது, எவ்வளவு வரை நிர்வாகிகள் தாங்களாக செலவு செய்யலாம் என்பதை தெளிவாக எழுதி விட வேண்டும். வருடம் ஒரு முறை பொதுக்குழு கூட்டி கணக்கை வைத்து, பிறகு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கில் சந்தேகம் இருந்தால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். தெருவில் நின்று சட்டையைப் பிடிக்க வேண்டியது இல்லை.

சண்டை வராமல் இருக்க...

* 10 ரூபாய் வாங்கினாலும் ரசீது. ரசீது இல்லாத பணம் சங்கப் பணம் இல்லை.

* கணக்கு எழுதுபவர் வேறு, பணம் வைத்திருப்பவர் வேறு. பேங்க் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், 2 கையெழுத்து வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்குக்கு செல்போனில் பணம் அனுப்பும் பழக்கம் கூடவே கூடாது.

* மாதம் பிறந்ததும் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

* கோவில் திருவிழா தலைக்கட்டு வரியையும் சங்கப் பணத்தையும் கலக்கக் கூடாது. சாமி பணம் தனி நோட்டு, சங்கப் பணம் தனி நோட்டு.

* பெரிய செலவு என்றால் 3 பேரிடம் விலை கேட்டு, அந்தத் தாளையும் நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.

* வாடகைக்கு குடியிருப்பவர்களையும் கூட்டத்துக்கு கூப்பிட வேண்டும். சாக்கடை நாற்றம் வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று ஆள் பார்த்து வருவதில்லை.

இந்த வேலைக்கு பெரிய படிப்பு தேவை இல்லை. 40 பக்க நோட்டு ஒன்று, ரசீது புத்தகம் ஒன்று, கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் கணக்கு காட்டும் மனசு ஒன்று இருந்தால் போதும். ஐப்பசி அடை மழைக்கு முன்னால் பொதுக்குழுவைக் கூட்டி புயல் நிதியை ஒதுக்கி வைக்கும் நகருக்கு கார்த்திகையில் கையைப் பிசைய வேண்டி இருக்காது.